எம்கேட்டில் எவ்வளவு வாங்கினால் அமெரிக்காவில் மெடிக்கல் ஸ்கூல் இடம் நிச்சயம்?

கேள்வி இது: மகள் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் உயிரியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ஜிபிஏ, அதாவது கிரேடுகளின் சராசரி, 4க்கு 3.7. டாக்டராக வேண்டும் என்கிறாள். மருத்துவக் கல்லூரிக்கான நுழைவுத் தேர்வான எம்கேட்டில் எவ்வளவு வாங்கினால் இடம் நிச்சயம், விண்ணப்பம் வலுவாக அமைய இப்போதிருந்தே என்ன செய்யலாம் என்று அவளுடைய அம்மா கேட்கிறார்.

முதல் பாதிக்குப் பதில் சின்னது. எவ்வளவு வாங்கினாலும் நிச்சயமில்லை. எம்.டி. கல்லூரிகளுக்கு (அமெரிக்காவில் எம்.டி.தான் டாக்டராவதற்கான முதல் மருத்துவப் பட்டம்) ஓராண்டில் ஏறத்தாழ 52,000 பேர் விண்ணப்பிக்கிறார்கள், சேர்பவர்கள் 23,000 பேர். ஜிபிஏ 3.8, எம்கேட் 517 என்று இரண்டிலும் உச்சத்தில் நிற்கிற பிள்ளைகளிலேயே ஐந்தில் ஒருவருக்கு எங்கும் இடம் கிடைப்பதில்லை. கட் ஆஃப் பார்த்து, ரேங்க் பார்த்து, கவுன்சலிங் போய்ச் சேர்ந்த தலைமுறைக்கு இது எளிதில் ஜீரணமாகாது. எனக்கும் ஆகவில்லை. பிறகு ஒரு கல்லூரியின் சேர்க்கைக் குழுவுக்காகச் சில ஆண்டுகள் விண்ணப்பங்களைப் படித்தேன், நேர்முகமும் எடுத்தேன். அப்போதுதான் புரிந்தது. மார்க் நல்லா இருக்கிற விண்ணப்பங்கள் மேஜையில் குவிந்து கிடக்கும். அவற்றில் எந்தப் பிள்ளை நோயாளிகளின் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, அதற்குப் பிறகும் இந்த வேலைதான் வேண்டும் என்று வந்திருக்கிறது என்பதைத்தான் தேடிக்கொண்டிருப்போம்.

அதனால் மார்க்கை முதலில் சுருக்கமாக முடித்துவிடுகிறேன்.

எம்கேட்டில் நான்கு பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 118 முதல் 132 வரை, மொத்தம் 472 முதல் 528 வரை. சேர்கிறவர்களின் சராசரி 511, 512 என்ற அளவில் இருக்கிறது, அவர்களுடைய ஜிபிஏ சராசரி 3.8ஐ ஒட்டி. உங்கள் மகளின் 3.7 கவலைப்படும் எண் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். விண்ணப்பங்களை வாங்கிச் சரிபார்க்கும் ஆம்கேஸ் என்ற பொது அமைப்பு, உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்குக்கும் சேர்த்துத் தனியாக ஒரு ஜிபிஏ கணக்கிடும். பல்கலைக்கழக மார்க் பட்டியலில் 3.7 என்று இருப்பது அங்கே 3.5 ஆகவும் இருக்கலாம். ஒரு பாடத்தைத் திரும்பப் படித்து நல்ல கிரேடு வாங்கினாலும் பழையது மறையாது, இரண்டும் கணக்கில் வரும். முதலாண்டில் ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் சறுக்கியிருந்தால், அதைத் துடைக்கப் பார்ப்பதைவிட அடுத்து வரும் பயோகெமிஸ்ட்ரியில் நன்றாகச் செய்து காட்டுவது மேல். ஏறுமுகமாக வரும் கிரேடுகளை நாங்கள் நிஜமாகவே பார்ப்போம்.

நம் பிள்ளைகள் எம்கேட்டில் தடுமாறுவது பெரும்பாலும் அறிவியலில் இல்லை, கார்ஸ் என்கிற வாசிப்புப் பகுதியில். 90 நிமிடத்தில் 53 கேள்விகள். தத்துவம், கலை வரலாறு, சமூகவியல் என்று ஏதாவது ஒரு கரடுமுரடான பத்தியைக் கொடுத்து, எழுதியவர் என்ன நினைக்கிறார் என்று கேட்பார்கள். மனப்பாடம் செய்ய அதில் எதுவுமே கிடையாது. கோச்சிங்கும் ஓரளவுக்குத்தான் உதவும். இரண்டாம் ஆண்டிலேயே தினம் அரை மணி நேரம் பாடத்துக்கு வெளியே கனமான கட்டுரைகளைப் படிக்க ஆரம்பித்தால் இதற்குப் பலன் கிடைக்கும். கடைசி மூன்று மாதத்தில் ஆரம்பித்தால் கிடைக்காது. இன்னொன்று, 'சும்மா ஒரு தடவை எழுதிப் பார்க்கட்டும்' என்ற யோசனை வேண்டவே வேண்டாம். வாழ்நாளில் ஏழு தடவைதான் எழுதலாம், எழுதியதெல்லாம் கல்லூரிகளின் கண்ணில் படும். பயிற்சித் தேர்வுகளில் அவள் விரும்பும் மார்க் திரும்பத் திரும்ப வந்த பிறகுதான் அசல் தேர்வு.

சரி, மார்க் போதும். இந்த வாரமே செய்ய வேண்டிய வேலை ஒன்று சொல்கிறேன். கேட்டால் சிரிப்பீர்கள்: ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள்.

ஆம்கேஸ் விண்ணப்பத்தில் செயல்பாடுகளுக்கென்று 15 இடங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தொடங்கிய மாதம், முடிந்த மாதம், மொத்த மணி நேரம், விசாரித்தால் உறுதி செய்யக்கூடிய ஒருவரின் பெயர், அப்புறம் 700 எழுத்துகளில் விவரம். அவற்றில் முக்கியமான மூன்றுக்கு மட்டும் கூடுதலாக 1,325 எழுத்துகள். 15ஐயும் நிரப்பியே ஆக வேண்டும் என்பதில்லை. பத்து நல்ல பதிவுகள், ஐந்து ஒப்புக்குச் சேர்த்தவற்றோடு கலந்து வருவதைவிடத் தனியாக வந்தால் நன்றாகவே இருக்கும். விஷயம் என்னவென்றால், மூன்றாண்டு கழித்து உட்கார்ந்து எழுதும்போது பிள்ளைகளுக்கு நினைவு வருவது 'மருத்துவமனையில் தன்னார்வலராக இருந்தேன், இரக்கமும் குழுவாக வேலை செய்வதும் கற்றேன்' என்பதுதான். நான் படித்ததில் பாதிக்குப் பாதி இந்த ஒரே வாக்கியம். எழுதியவர் பெயரை மாற்றி ஒட்டினாலும் தெரியாது.

நோட்டில் அன்றன்றைக்கு நாலு வரி எழுதி வைத்த பிள்ளை வேறு மாதிரி எழுதும். உதாரணத்துக்கு நானே ஒன்று கட்டிச் சொல்கிறேன். சக்கர நாற்காலி தள்ளும் வேலைக்குப் போன பெண், டிஸ்சார்ஜ் ஆகிற ஒரு பெரியவரைப் பார்க்கிறாள். நர்ஸ் மாத்திரைகளை விளக்குகிறார், பெரியவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டுகிறார். லிஃப்ட்டில் இறங்கும்போது அவளிடம் மெதுவாக, 'அந்த வெள்ளை மாத்திரை எதற்கு?' என்கிறார். அவள் தனக்குத் தெரிந்ததைச் சொல்லிச் சமாளிக்கவில்லை. நாற்காலியைத் திருப்பி வார்டுக்கே கொண்டு போய் நர்ஸிடம் விடுகிறாள். அன்றிலிருந்து, தலையாட்டுவது புரிந்ததற்கு அடையாளம் இல்லை என்று தெரிந்துகொள்கிறாள். அறுவை சிகிச்சையும் இல்லை, உயிரைக் காப்பாற்றிய கதையும் இல்லை. ஆனால் இதைப் படிக்கிறவருக்கு அந்தப் பெண் கண்ணைத் திறந்து வைத்திருக்கிறாள் என்றும், தன் எல்லை அவளுக்குத் தெரியும் என்றும் புரிந்துவிடும். 'இரக்கம்' என்ற வார்த்தையே தேவைப்படாது.

அதனால், எங்கே போகிறாள் என்பதைவிட நோயாளிக்கு எவ்வளவு பக்கத்தில் போகிறாள் என்று பாருங்கள். மருத்துவர் பின்னால் நின்று பார்க்கும் ஷேடோயிங் வேண்டும்தான். என் கணக்கில், இரண்டு மூன்று துறைகளில் சேர்த்து ஐம்பது மணி நேரம் போதும். அதற்கு மேல் நின்றால் கால்தான் வலிக்கும். நம் வீடுகளில் என்ன நடக்கிறது? குடும்ப நண்பர் ஒருவர் கார்டியாலஜிஸ்ட், அவர் கிளினிக்கில் இருநூறு மணி நேரம் ஷேடோயிங், அவரே ஒரு பரிந்துரைக் கடிதம். இரண்டுக்கும் பெரிய மதிப்பில்லை. அதே நேரத்தை இறுதிக்கால நோயாளிகளைப் பராமரிக்கும் ஹாஸ்பிஸில் தன்னார்வலராகவோ, அவசர சிகிச்சைப் பிரிவில் மருத்துவர் சொல்வதைப் பதிவு செய்யும் ஸ்க்ரைபாகவோ, பயிற்சி எடுத்து நர்ஸிங் உதவியாளராகவோ செலவிட்டால், வாந்தி, கோபம், அழுகை, சலிப்பு எல்லாவற்றையும் பார்ப்பாள். பார்த்துவிட்டு 'அம்மா, இது எனக்கு வேண்டாம்' என்று வந்தாலும் அது லாபம்தான். முப்பது வயதில் வந்து சொல்வதற்கு இப்போதே சொல்லட்டும்.

இந்த இடத்தில் ஒன்றைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். கோடை விடுமுறைக்கு இந்தியா போகும்போது, சொந்தக்காரர் மருத்துவமனையில் பிள்ளையை ஆபரேஷன் தியேட்டருக்குள் விடுவார்கள். அன்பின் மிகுதியில் 'நீயே ஒரு தையல் போடும்மா' என்பார்கள். பிள்ளைக்குப் பெருமையாக இருக்கும், விண்ணப்பத்திலும் எழுதிவிடும். அமெரிக்கச் சேர்க்கைக் குழு அதை வேறு மாதிரிப் படிக்கும்: பயிற்சியில்லாத ஒருவர், சம்மதம் கேட்கப்படாத ஒரு நோயாளியின் உடம்பில் கை வைத்திருக்கிறார். வெளிநாட்டுக்குத் தொண்டு செய்யப் போகிறோம் என்ற பெயரில் பிள்ளைகள் ஊசி போடுவது, பல் பிடுங்குவது எல்லாம் இதே கணக்கு. நல்ல விண்ணப்பம் இதனாலேயே கீழே போவதைப் பார்த்திருக்கிறேன். இந்தியாவில் பார்த்ததை எழுதலாம், தாராளமாக எழுதலாம். கைதான் பின்னால் கட்டியிருக்க வேண்டும்.

மருத்துவத்துக்குத் தொடர்பில்லாத சேவையும் வேண்டும். வாரம் மூன்று மணி நேரம், இரண்டு மூன்று ஆண்டுகள், ஒரே இடம். சிறையில் இருப்பவர்களுக்குப் பாடம் சொல்லித் தருவதாக இருந்தாலும் சரி, முதியவர்களுக்குச் சாப்பாடு கொண்டு போய்க் கொடுப்பதாக இருந்தாலும் சரி. ஆராய்ச்சி பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். ஆராய்ச்சியில் பெயர் பெற்ற கல்லூரிகளுக்கும், எம்.டி., பிஎச்.டி. சேர்ந்த படிப்புக்கும் கட்டாயம் வேண்டும், மற்ற பல இடங்களில் இல்லாமலும் நுழையலாம். ஈடுபாடு இல்லாமல் ஆய்வகத்தில் குழாய் கழுவியதை ஆராய்ச்சி என்று எழுதினால், நேர்முகத்தில் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

அடுத்து, 'ஏன் மருத்துவம்' என்ற தன் கட்டுரை. இடைவெளிகளையும் சேர்த்து 5,300 எழுத்துகள், ஒன்றரைப் பக்கம் வரும். தாத்தா மாரடைப்பில் இறந்தார், எட்டு வயதில் முடிவெடுத்தேன் என்று தொடங்கும் கட்டுரைகள் ஒரு மூட்டை படித்திருக்கிறேன். தாத்தா இறந்தது உண்மை, துக்கமும் உண்மை. ஆனால் எட்டு வயதில் எடுத்த முடிவுக்கு எந்த எடையும் இல்லை. இருபது வயதில் என்ன பார்த்து அந்த முடிவு நிலைத்தது என்பதுதான் கேள்வி. 'அறிவியல் பிடிக்கும், மக்களுக்கு உதவ ஆசை' என்றால் நர்ஸோ மருந்தாளுநரோ ஆகலாமே? இந்தக் கேள்விக்குக் கட்டுரையில் பதில் இருக்க வேண்டும், நர்ஸை மட்டம் தட்டாமல். அப்பா அம்மா இரண்டு பெட்டியோடு அமெரிக்கா வந்த கதையும் அப்படித்தான். அது உங்கள் கதை. அவள் அதில் பிறந்தாள், அவ்வளவுதான். அதைச் சொல்லவே கூடாது என்றில்லை, ஆனால் கட்டுரையின் நாயகி நீங்கள் ஆகிவிடக் கூடாது.

கட்டுரையைக் காசு கொடுத்து எழுதி வாங்காதீர்கள். செயற்கை நுண்ணறிவை யோசனைக்கும் பிழை திருத்தவும் பயன்படுத்த ஆம்கேஸ் அனுமதிக்கிறது, ஆனால் முடிவில் எழுத்து தன்னுடையது என்று விண்ணப்பதாரர் உறுதி கொடுக்க வேண்டும். உறுதியை விடுங்கள், அடிப்படைச் சிக்கலே வேறு. வழவழவென்று ஒரே மாதிரி ஓடும் கட்டுரையை எழுதிய பெண், நேர்முகத்தில் வேறு ஆளாக உட்கார்ந்திருப்பாள்.

பரிந்துரைக் கடிதங்களுக்கு வழக்கமாக இரண்டு அறிவியல் பேராசிரியர்கள், ஒரு அறிவியல் அல்லாத பேராசிரியர், கூட வேலை செய்த ஒருவர். முந்நூறு பேர் உட்காரும் வகுப்பில் 'ஏ' வாங்கியிருந்தாலும் பேராசிரியருக்கு முகம் தெரியாது. 'இந்த மாணவி என் வகுப்பில் ஏ வாங்கினார்' என்று ஒரு பத்தி எழுதித் தருவார். அது மார்க் பட்டியலிலேயே இருக்கிறது. அதனால் இப்போதிருந்தே பேராசிரியர்கள் மாணவர்களைச் சந்திக்க ஒதுக்கும் ஆஃபீஸ் ஹவர்ஸுக்குப் போய்க் கேள்வி கேட்கட்டும். கடிதம் கேட்கும்போதும் 'எழுதித் தருவீர்களா' என்று கேட்காமல், 'என்னைப் பற்றி உறுதியாக எழுத முடியுமா' என்று கேட்க வேண்டும். தயங்கினால் நன்றி சொல்லிவிட்டு வேறொருவரிடம் போகலாம். கடிதத்தைத் தான் பார்க்கப் போவதில்லை என்று உரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திடுவது நல்லது. பார்த்துவிட்டு அனுப்பிய கடிதத்தை யாரும் முழுதாக நம்ப மாட்டார்கள்.

இனி காலம். விண்ணப்பத் தளம் மே மாதத் தொடக்கத்தில் திறக்கும், மே கடைசி வாரத்திலிருந்து சமர்ப்பிக்கலாம். கடைசி நாள் இலையுதிர்காலத்தில் இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலான கல்லூரிகள் வர வரப் படித்து, வர வர நேர்முகத்துக்குக் கூப்பிட்டு, அக்டோபர் நடுவிலிருந்தே இடம் கொடுக்க ஆரம்பித்துவிடும். செப்டம்பரில் அனுப்புகிறவர், பாதி நாற்காலி நிரம்பிய அரங்குக்குள் நுழைகிறார். மார்க் பட்டியல்களைச் சரிபார்க்கவே நெரிசலான நாட்களில் ஆறு வாரம் வரை ஆகும். இதற்கு ஒரு வழி உண்டு: கல்லூரிப் பட்டியல் முடிவாகாவிட்டாலும் ஒரே ஒரு கல்லூரியை மட்டும் போட்டு ஜூன் முதல் வாரத்தில் சமர்ப்பித்துவிடலாம். சரிபார்ப்பு நடந்துகொண்டிருக்கும், எம்கேட் முடிவு வந்த பிறகு மற்றவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம். அப்புறம் ஜூலையில் செகண்டரி கட்டுரைகள் மழையாகக் கொட்டும். ஒவ்வொரு கல்லூரியும் மூன்று நான்கு கேள்வி கேட்கும். இரண்டு வாரத்துக்குள் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது எழுதாத விதி. கேள்விகள் ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக மாறுவதில்லை என்பதால், ஜூனிலேயே எழுதி வைக்கலாம்.

இருபது கல்லூரிகள் என்று வைத்துக்கொண்டால், ஆம்கேஸ் கட்டணமே ஆயிரம் டாலரை ஒட்டி வரும், செகண்டரி கட்டணங்களும் சேர்ந்தால் மூவாயிரம் பக்கம் போகும். ஆகவே பட்டியலை யோசித்துப் போட வேண்டும். மருத்துவக் கல்லூரிகள் சங்கமான ஏஏஎம்சியின் எம்எஸ்ஏஆர் தளத்தில் ஒவ்வொரு கல்லூரியிலும் சேர்ந்தவர்களின் மார்க், சொந்த மாநிலத்தார் எத்தனை பேர் என்ற விவரமெல்லாம் கிடைக்கும். மாநில அரசுக் கல்லூரிகள் சொந்த மாநிலத்தாரையே விரும்பும். டெக்சாஸில் வெளி மாநிலத்தாருக்கு 10 சதவீதத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது, அங்குள்ள பெரும்பாலான கல்லூரிகளுக்கு விண்ணப்ப அமைப்பும் தனி. பெயருக்காக ஹார்வர்டும் ஜான்ஸ் ஹாப்கின்ஸும் இரண்டு இருக்கட்டும், தப்பில்லை. பட்டியலின் முதுகெலும்பு சொந்த மாநிலக் கல்லூரிகள்தான். ஆஸ்டியோபதிக் மருத்துவப் பட்டம் தரும் டி.ஓ. கல்லூரிகளையும் இளக்காரமாகப் பார்க்காதீர்கள். அங்கே படித்தவர்களும் முழு உரிமம் பெற்ற மருத்துவர்கள், 2020இலிருந்து ரெசிடென்சி பயிற்சி இடங்களும் ஒரே அங்கீகாரத்தின் கீழ் வந்துவிட்டன.

விசா பற்றி நீங்கள் கேட்கவில்லை, நான் கேட்கிறேன். மகள் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவளா? பாதிக்கும் மேற்பட்ட எம்.டி. கல்லூரிகள் மற்றவர்களை எடுப்பதில்லை, எடுக்கிற சில இடங்களிலும் பல ஆண்டுக் கட்டணத்தை முன்கூட்டியே ஒதுக்கிக் காட்டச் சொல்வதுண்டு. கிரீன் கார்டு வரிசையில் நிற்பது கையில் இருப்பதற்குச் சமமில்லை. பெற்றோரின் எச்-1பி வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் இருந்தால் 21 வயதில் அந்த நிலை முடிந்துவிடும், அது சரியாக விண்ணப்பிக்கும் வயது. இந்தக் குடும்பங்கள் கல்லூரிப் பட்டியலை விசாவிலிருந்துதான் தொடங்க வேண்டும். கடன் விஷயமும் மாறியிருக்கிறது: 2026 ஜூலையிலிருந்து புதிதாக மருத்துவம் படிக்க வருகிறவர்களுக்கு அரசுக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர்தான். பல கல்லூரிகளில் செலவு அதைத் தாண்டும். இதை அவளோடு உட்கார்ந்து இப்போதே பேசிவிடுங்கள்.

நேர்முகம் இரண்டு வகை. ஒன்று, ஒருவரோ இருவரோ அரை மணி நேரம் பேசுவது. மற்றது எம்எம்ஐ, கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 2000களின் தொடக்கத்தில் பிறந்தது. எட்டுப் பத்து நிலையங்கள், ஒவ்வொன்றிலும் சில நிமிடம், ஒரு சிக்கல்: உடன் படிக்கும் நண்பன் காப்பியடிப்பதைப் பார்த்தாய், என்ன செய்வாய்? இதில் சரியான விடையைத் தேடிப் பிடித்து ஒப்பிக்கிற பிள்ளைகள்தான் தோற்கிறார்கள். நண்பனின் பக்கத்தையும் யோசித்து, 'எனக்கு இது முழுதாகத் தெரியவில்லை, முதலில் அவனிடமே கேட்பேன்' என்று வாய்விட்டு யோசிக்கிற பிள்ளைக்கு நான் மார்க் போட்டிருக்கிறேன். நம் வீடுகளில் பெரியவர்களிடம் மாற்றுக் கருத்துச் சொல்லிப் பழக்கமில்லாத பிள்ளைகள் இங்கே திணறுவார்கள். சாப்பாட்டு மேஜையில் உங்களோடு வாதாட விடுங்கள். அதைவிட மலிவான பயிற்சி இல்லை.

மூன்றாம் ஆண்டு முடிந்ததும் விண்ணப்பித்தே ஆக வேண்டுமா? வேண்டாம். இப்போது சேர்கிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் பட்டம் முடித்து ஓராண்டாவது வேறு வேலை பார்த்துவிட்டு வருகிறவர்கள். 'ஒரு வருஷம் வீணாகிறதே' என்று வீட்டில்தான் புலம்பல், குழுவில் யாரும் அதைக் குறையாக நினைப்பதில்லை. அரைகுறையாக விண்ணப்பித்துத் தோற்றாலும் அந்த ஓராண்டு போகத்தான் போகிறது, கூடவே மூவாயிரம் டாலரும் பிள்ளையின் தன்னம்பிக்கையும் போகும். 'நீங்கள் ஏற்கெனவே விண்ணப்பித்திருக்கிறீர்களே, அதற்குப் பிறகு புதிதாக என்ன செய்தீர்கள்' என்று பல கல்லூரிகள் நேரடியாகவே கேட்கும். அந்தக் கேள்விக்குப் போன ஆண்டின் கட்டுரையையே சொல் மாற்றி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் பழையதையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துத்தான் படிப்போம்.